இருபத்து மூன்றாம் பாத்தி

பத்தாவது முடித்த கையோடு காப்பித் தோட்டத்தில் களை எடுக்கப் போனவள் நான். முப்பது வருஷமாக அருகம்புல்லைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கினால் மட்டும் போதாது. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் பத்து நாளில் மறுபடி எழுந்துவிடும். அதனால் பிடுங்கியதைக் கூடையில் அள்ளிப் போய்ப் பாறைமேல் காயப்போடுவோம். அப்படிப்பட்ட எனக்கு அதே புல்லை நட்டு வளர்க்கும் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த அக்காவும் சிரித்தார்.

"புடுங்கறதுக்கும் கூலி, நடறதுக்கும் கூலி. நம்ம தலையெழுத்து இந்தப் புல்லோடதான் கண்ணு."

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவரை அல்ல. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வெள்ளக்கடைக்கு மேலே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ராகி போடுவார்கள். ஆரஞ்சும் பலாவும் நாலு காப்பிச் செடியும் இருக்கின்றன. நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்த கிறிஸ்தவக் குடும்பம். அவருக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கோ, பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சம். வேறு யாராவது கேட்டு நிறுத்துகிற இடத்தில் இறங்கி நடந்து வருவேன். அந்த அக்காவின் பெயர் என்னால் கெட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் புல் தோட்டம் ஏற்காட்டுக்கும் வெள்ளக்கடைக்கும் நடுவில் ஒரு சரிவில் இருக்கிறது. முதலாளி சேலத்துக்காரர். பங்களாக்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் புல்தரை போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அவர் விற்றுவந்த புல் வெளியூர்ப் புல். அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. நம் மலையில் தானாகக் கிடக்கும் அருகம்புல்லிலிருந்தே, தண்ணீர் குறைந்தாலும் தாங்குகிற, மிதித்தாலும் எழுகிற ஒன்றைப் பொறுக்கியெடுக்க வேண்டும் என்று படித்த பெண் ஒருவரை வேலைக்கு வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் மேடம் என்போம்.

முதல் வருஷம் மேடத்தோடு மலையைச் சுற்றினோம். செழிப்பாக இருக்கிற புல்லை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். பஸ் நிற்கிற இடத்தில் மிதிபட்டுக் கிடப்பது, ஆடு தினமும் கடித்தும் சாகாதது, குப்பனூர் ரோட்டு வளைவில் பாறை வெடிப்பில் வெயிலைக் குடித்துக் கிடப்பது, இவைதான் அவருக்கு வேண்டும். அக்கா ஒரு பிடி கொடியை அறுத்துக் கொடுப்பார். நான் ஈரச் சாக்கில் சுற்றி, நம்பர் எழுதிய அட்டையைக் கட்டுவேன். நான் பத்தாவது படித்தவள் என்பதால் எழுத்து வேலை எனக்கு. ரோட்டோரத்தில் மூன்று பெண்கள் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து ஒருவர் வண்டியை நிறுத்தி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். "மூக்குத்தி உழுந்துருச்சுங்க, நீங்களும் எறங்கித் தேடுங்க" என்றார் அக்கா. அந்த மனிதர் உண்மையிலேயே இறங்கிவிட்டார். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொண்டுவந்த ஒவ்வொன்றையும் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய் அகலத்தில் ஒரு பாத்தி கொடுத்தோம். பாத்திக்குப் பெயர் இல்லை, தகரத்தில் நம்பர் மட்டும். இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒரு முழம் வெறும் மண். அருகு சும்மா கிடக்காது, கொடி ஓட்டிப் பக்கத்துப் பாத்தியில் புகுந்துவிடும். புகுந்து கலந்துவிட்டால் எது எந்தப் புல் என்று சொல்ல முடியாது. அதனால் திங்கட்கிழமைதோறும் பாத்திகளின் ஓரத்தை வெட்ட வேண்டும். அது அக்காவின் வேலை. இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றை ஒட்டிக் கத்தியை இறக்குவார். முடித்ததும் எட்ட நின்று பார்த்து, "கல்யாணப் பொண்ணுக்கு வகிடு எடுத்தாப்புல இல்ல?" என்பார். உள்ளே களை எடுப்பதும் புல்லை அளந்து நோட்டில் எழுதுவதும் எனக்கும் பிறகு சேர்ந்த ஏழெட்டுப் பேருக்கும் வேலை. ஆளுக்கு ஒரு வரிசை. என் வரிசையில்தான் இருபத்து மூன்று இருந்தது.

இரண்டாம் வருஷம் தை மாதக் கடைசியில் மேடம் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். மழை வரும்வரை ஒரு சொட்டு விடக்கூடாது.

"எது சாகுதோ அது சாகட்டும். சாகுறதும் எனக்கு ஒரு பதில்தான். யாரும் கை வைக்காதீங்க."

நான் தலையாட்டினேன். புரிந்து தலையாட்டினேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. வார்த்தைகள் எல்லாம் காதில் விழுந்தன.

எங்களைப் போல மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராகி நாற்று நட்ட பத்தாம் நாள் வரிசையைத் திரும்பிப் பார்ப்போம். பட்டுப்போன இடத்திலெல்லாம் மறுபடி நாற்று வைப்போம். காப்பிக் கன்று செத்த குழியை அடுத்த மழைக்குக் காலியாக விடமாட்டோம். காலியாக விட்டால் அது செடியின் குற்றம் இல்லை, நட்டவளின் சோம்பல். எந்த வரிசை யாருடையது என்று ரோட்டில் போகிறவருக்குக்கூடத் தெரியும், வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே என் வரிசையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பங்குனி பிறந்ததும் இருபத்து மூன்று வெளுத்தது. பிறகு நடுவில் சொட்டை விழுந்தது. மற்ற வரிசைகளிலும் பாத்திகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. என் கண்ணுக்கு இது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து இருபத்து நான்கு அப்போதும் பச்சையாகவே நின்றது வேறு. ஓரம் வெட்ட வந்த அக்கா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, உன் வரிசையில எரும படுத்து எந்திரிச்சிட்டுப் போச்சா?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார். ஆனால் எனக்குக் காது சுட்டது. அந்தச் சனிக்கிழமை முதலாளி வருவதாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மேடம் சேலம் போயிருந்தார். மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு மர நிழலுக்குப் போனதும் நான் பின்தங்கினேன். இருபத்து நான்கிலிருந்து கணுவோடு ஒரு பிடி கொடியைக் கிள்ளினேன். இருபத்து மூன்றின் சொட்டையில் விரலால் குழி குத்தி ஒவ்வொன்றாக வைத்தேன். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கை அதுவாகவே செய்தது, பழக்கப்பட்ட கை. கடைசியில் மேலே காய்ந்த புல்லைத் தூவினேன். வெயில் படாமல் இருக்கட்டும் என்று தூவியதாக என்னிடமே சொல்லிக்கொண்டேன். வெயிலுக்காக மட்டும் தூவவில்லை.

சனிக்கிழமை முதலாளி வந்தார். போனில் பேசியபடியே பாத்திகளுக்கு நடுவில் ஒரு நடை நடந்தார், போய்விட்டார். எந்தப் பாத்தியையும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நட்டது தானாகக் காய்ந்துபோயிருக்கும். நட்டதைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது அந்தப் பாட்டிலை அங்கேதான் கவிழ்த்தேன். மலைமேலும் அந்த மாதம் வெயில் கடுமை. தாகம் எடுத்தால் அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தன் பாட்டிலை நீட்டும்போதெல்லாம் அக்கா, ஒரு பெரிய பாட்டிலாக வாங்கித் தொலை என்று திட்டினார்.

சித்திரை மழைக்கு முன்னாலேயே இருபத்து மூன்று பச்சை கட்டியது. தளிர் இலையில் இரண்டு புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேடம் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டோ எடுத்தார். வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னார். "போச்சுன்னு நெனச்சேன். திரும்பி வந்திருக்கு பாருங்க. சாகாம இருக்கிறதைவிட, செத்து எழுறதுதான் பெருசு" என்று என்னிடம் சொன்னார். என் நோட்டைப் பார்த்து, வாரம் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். உண்மைதான், வாரம் தவறாமல் எழுதினேன். நட்டதை எழுதவில்லை.

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டபோது நாக்கு நுனி வரை வந்தது. புல் நட்டேன் சாமி என்று சொன்னால், அது என்ன பாவம் என்று சாமியார் கேட்பாரே. நாத்தனாரிடம் கோபப்பட்டதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூன் மழையில் இருபத்து மூன்றை அடிவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முதலாளியின் நிலம் முழுக்க அதை மட்டுமே நட்டார்கள். மற்ற புல் கலந்துவிடக் கூடாதென்று மேடம் பாத்தியின் நடுவிலிருந்துதான் கொடி எடுக்கச் சொன்னார். நான் நட்டதும் நடுவில்தான். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் ஒரு நாள் முதலாளி எங்கள் எல்லோரையும் வேனில் ஏற்றி அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். ஒரே புல்லாக இருக்க வேண்டிய தரையில் தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாக இரண்டு நிறம். ஒன்று மெல்லிய, கருநீலம் ஓடிய இலை. இன்னொன்று அகலமாக, வெளிறிய பச்சை. மேடம் குனிந்து வெளிறியதைப் பிடுங்கிப் பார்த்தார். "இது இருபத்து நாலு. எப்படி வந்துச்சு?" என்றார். பிறகு அவரே பதிலும் சொன்னார். பக்கத்துப் பாத்தியிலிருந்து கொடி தாண்டி வந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. ஓரம் வெட்டுவது யார் என்று முதலாளி கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் அக்கா. "திங்கக்கெழம திங்கக்கெழம வெட்டுனேனுங்க. ஒரு வாரமும் உடலீங்க."

முதலாளி அதைக் கேட்கவில்லை. போன காசையும் வருஷத்தையும் பற்றிச் சத்தம் போட்டார். மேடம் சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே விட்டேன்" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னபோது அக்கா எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் ஓரம் வெட்டிய அழகைத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றேன். கீழே கிடந்த ஒரு புல்லை எடுத்து இலையை அளப்பது போல விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அக்கா வேலைக்கு வரவில்லை. ஆரஞ்சு பறிக்கும் காலம். காலையில் எங்கள் பஸ்ஸிலேயே கூடையோடு ஏறி ஏற்காட்டுச் சந்தைக்குப் போவார். பஸ்ஸில் பேச்சு கிளம்பிவிட்டது. புல் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் தூங்கியவள் என்றார்கள். "ஏனுங்க, உங்கூட்டு ஆரஞ்சு மரமாச்சும் அங்கயே நிக்குதுங்களா, தாண்டிப் போயிருச்சுங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். யார் எது சொன்னாலும் பதிலுக்கு ரெண்டு திருப்பிக் கொடுக்கிற அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓரம் வெட்டும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். முதல் திங்கட்கிழமை ஷெட்டில் அக்காவின் கயிறு ஒரு குச்சியில் சுற்றி மாட்டியிருந்தது. எடுத்துக் கட்டினேன். இருபத்து மூன்றுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே இழுத்தபோது, போன வாரம் முழுக்க யாரும் தொடாத ஓரம் அந்தக் கயிற்றுக்கு மயிரிழை பிசகாமல் நின்றது. நடுவில் கிடந்த மண்ணைக் கொத்திப் பார்த்தேன். பழைய வேர் ஒன்றுகூட இல்லை. அங்கே எந்தக் கொடியும் ஒருநாளும் தாண்டியதில்லை. அது எனக்குத் தெரியாததா? இருந்தும் கொத்திப் பார்த்தேன். ஒரு வேர் கிடைத்துவிடாதா என்றுதான் தேடினேன் போலிருக்கிறது.

கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய் மேடத்திடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. மேடம் நோட்டை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன நாள், எத்தனை கணு, எந்த இடம், எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை. திட்டியிருந்தால் தேவலை. பாத்திக்குப் போய், நட்ட இடங்களை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். மண்டியிட்டுக் காட்டினேன்.

"அன்னைக்கு அடிவாரத்துல ஏன் சொல்லல?"

"நீங்க என்னையக் கேக்கலீங்க" என்றேன்.

இந்த ஒரு பதிலை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேடம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நோட்டில் இருபத்து மூன்று வருகிற பக்கங்களையெல்லாம் குறுக்கே அடித்தார். பக்கம் பக்கமாக அடிக்க வெகுநேரம் ஆனது. இருபத்து மூன்றை முதலில் எடுத்த குப்பனூர் வளைவிலிருந்தே மறுபடி கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நம்பர் எழுத ஆள் வேண்டுமே. செய்யாத குற்றத்துக்கு அக்கா போனார், செய்த நான் இருக்கிறேன்.

முதலாளியிடம் பேசி, அக்காவைத் திரும்ப வரச் சொல்லி மேடமே ஆள் அனுப்பினார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். என்ன நடந்தது என்பதை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று மேடம் என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். அக்கா வாசலில் சாக்கை விரித்து ஆரஞ்சைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நிற்கவில்லை. எல்லாம் கேட்டபின், "எம் பாட்டில்ல வாங்கிக் குடிச்சது அதுக்குத்தானா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"இங்க ஊட்டுக்கு வந்து காதோட சொன்னா எனக்கு எதுக்கு ஆவுது? எம் பேரு கெட்டது பத்துப் பேரு முன்னால. அப்பறம் பஸ்ஸு பூராவும். நீ பஸ்ஸுல சொல்லு."

"எனக்கு நாலு பேரு முன்னால பேச்சு வராதுங்க அக்கா."

"நடறதுக்கு மட்டும் வந்துச்சுல்ல" என்றார். உள்ளிருந்து அவர் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். குடிக்காமல் போனால் தப்பாக நினைப்பாளே என்று நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. அக்கா கூடையோடு ஏறுவார், என்னை ஒரு தடவை பார்ப்பார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். புதன்கிழமை பஸ்ஸில் வழக்கமான ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா ஏறி, பஸ் கிளம்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. கண்டக்டர் நெருங்கிவந்து, "என்னங்க, டிக்கெட்டுங்களா?" என்றார். இல்லை என்றேன். நான் எல்லோரிடமும் ஏதோ சொல்ல வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர். முன்னால் திரும்பி, "அண்ணா, பாட்டக் கொஞ்சம் கொறைங்க, இந்தம்மா என்னமோ சொல்லோணுங்கறாங்க" என்று கத்தினார். பாட்டு நின்றது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் தடவை சொன்னேன். "இருவத்தி மூனாம் பாத்தியில புல்லக் கலந்தது நானுங்க. பட்டுப்போன எடத்துல நான் நட்டேன். அக்கா வெட்டுன ஓரத்துல ஒரு குத்தமும் இல்லீங்க. அன்னிக்கி நான் பக்கத்துலயே நின்னுட்டுச் சொல்லாம உட்டுட்டேன்."

பின்சீட்டில் ஒருவர், நட்டதற்கெல்லாம் ஒரு குற்றமா என்று யாரையோ கேட்டார். இன்னொருவர் சிரித்தார். ஆரஞ்சு மரம் தாண்டியதா என்று கேட்டவர் அன்று மூன்றாவது சீட்டில்தான் இருந்தார். தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாட்டை மறுபடி போட்டார்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். "மொதல்ல சொன்னது கேக்கல. ரெண்டாவது கேட்டுச்சு" என்றார். அவருக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. கூடையைக் காலடியில்தான் வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. தோட்டத்துக்கு இறங்குகிற இடம் வந்ததும் கண்டக்டரிடம் நானே சொல்லி இறங்கினேன்.